மூன்று வரி

நாங்கள் படித்த பிரெஞ்சில் எழுபத்து நான்கு என்று நேராகச் சொல்ல வழியில்லை. "அறுபது-பதினாலு" என்றுதான் சொல்ல வேண்டும். சுவசாந்த்-கத்தோர்ஸ். பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். ஒழுங்காக எண்ணத் தெரியாதவர்கள் உலகத்தையே ஆண்டார்களே என்று.

போன ஆவணியில் எனக்கு எழுபத்து நான்கு முடிந்தது. அன்றைக்குத்தான் அந்த எண்ணிக்கையில் இருக்கும் நியாயம் புரிந்தது. அறுபதில் அரசாங்கம் மாலை போட்டு அனுப்பிவிட்டது. அதற்கப்புறம் வந்த பதினாலும் கொசுறு. காய்கறி வாங்கினால் மேலே போடுகிற கறிவேப்பிலை மாதிரி. கொசுறுக்கு யாரும் எடை பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் பார்த்தேன், நண்பர்களே. நிறையவே பார்த்தேன்.

என் குறை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாண்டிச்சேரிக்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரம்.

1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர் ஆகிவிடுவார்கள். சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோர் எடுத்த முடிவுதான். எனக்கு அப்போது பதினொரு வயது.

என் சித்தப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. அவர் போகாமல் இல்லை. சட்டை மாற்றிக்கொண்டு, பேனாவைப் பையில் செருகிக்கொண்டு போனார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "வரிசை பெருசா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை அவர் சாகும்வரை சொல்லவில்லை.

சித்தப்பா பிள்ளைகள் பிரான்சுக்குப் போனார்கள். நான் 1971-இல் புதுச்சேரி அரசில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தேன். படித்தது பிரெஞ்சு, கோப்பு எழுதியது ஆங்கிலம், திட்டு வாங்கியது தமிழில். பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுவது எப்பேர்ப்பட்ட பாடு என்பது எங்களுக்குத்தான் தெரியும். நாற்பது வருடம் அந்தப் பாடு பட்டேன். ஜூலை 14 அன்று பதக்கம் குத்திக்கொண்டு வரும் சொல்தாக்களைப் பார்க்கும்போதெல்லாம், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற வீடுகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வயிறு எரியும். 2002-இல் யூரோ நோட்டு வந்ததிலிருந்து செய்தித்தாளில் நான் முதலில் பார்ப்பது அன்றைய யூரோ விலை. எனக்கு வராத பணத்துக்கு நான் தினமும் வட்டி போட்டுக்கொண்டிருந்தேன்.

என் மனைவி நேமத்தான்பட்டிக்காரி. அவள் அப்பா இங்கே ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கணக்கு அவள் ரத்தத்தில் ஊறியது. ஒருநாள் சொன்னாள்: "இல்லாததுக்கு ஒரு பேரேடு போட்டு வச்சிருக்கீங்க. இருக்கறதுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது."

எனக்குக் கோபம் வந்தது. பதில் வரவில்லை.

ஓய்வு பெற்றதும் அவளுடைய ஊருக்கே வந்துவிட்டோம். அவள் அப்பா விட்டுப்போன சின்ன ஓட்டு வீடு. தெருவில் பாதிக்கு மேல் பூட்டிய பெரிய வீடுகள். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் திறப்பார்கள், அப்புறம் சாவி காவல்காரரிடம் போய்விடும். பத்து வருடம் சந்தோஷமாகத்தான் இருந்தோம். சந்தோஷமாக இருந்தோம் என்பது அவள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் காலமாகி ஒரு வருடம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பால் தண்ணீராக இருக்கிறது, பஸ் நேரத்துக்கு வரவில்லை, பக்கத்து வீட்டு வேப்பிலை என் வாசலில் விழுகிறது. இதுதான் பேச்சு. பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார், கத்தோலிக்கர். வேப்பிலை அவர் வீட்டு மரத்துடையது. ஒரு மார்ச் மாதம், "சருகணிக்குப் போறோம், காரில் ஒரு இடம் இருக்கு, வர்றீங்களா? பிரெஞ்சுச் சாமியார் கல்லறை. உங்களுக்குப் பிடிக்கும்" என்றார். நான் சாமி கும்பிடுகிறவன்தான், ஆனால் மாதா கோயிலுக்குப் போகிற வழக்கம் இல்லை. பிரெஞ்சு என்ற ஒரு சொல்லுக்காகப் போனேன்.

தேவகோட்டை தாண்டியதும் வறண்ட பூமி. இரண்டு பக்கமும் கருவேல், நடுவே தண்ணீர் வற்றிய கண்மாய்கள். சருகணி கோயில் மருது பாண்டியர் தேர் கொடுத்த கோயில் என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். அங்கேதான் லூயி லெவே சாமியார் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். சேசு சபைக் குருவானவர். பிரான்சில் பிரெத்தாஞ் பகுதியில் 1884-இல் பிறந்தவர். 1908-இல் இந்தியா வந்தார். ராமநாதபுரம் சீமையில் ஊர் ஊராக வேலை செய்து, பிற்காலம் முழுவதும் சருகணியிலேயே இருந்து, 1973 மார்ச் 21-ஆம் தேதி, தொண்ணூறை நெருங்கும் வயதில் காலமானார். சிவகங்கை மறைமாவட்டம் அவருக்குப் புனிதர் பட்டம் கேட்டு முயற்சி எடுத்து வருகிறது. "இறை ஊழியர்" என்ற முதல் படி ஏறியாகிவிட்டது.

கல்லறை முன்னால் நின்று நான் ஒரு கணக்குப் போட்டேன். எழுத்தர் புத்தி. 1973 மார்ச்சில் நான் எங்கே இருந்தேன்? இருபத்தோரு வயதில், புதுச்சேரி அலுவலகத்தில், பிரான்சுக்குப் போக முடியாமல் போய்விட்டதே என்று கோப்புக்கு நடுவில் பொருமிக்கொண்டிருந்தேன். அதே மாதத்தில், பிரான்சில் பிறந்த ஒரு கிழவர், அந்த நாட்டை விட்டு வந்து அறுபத்தைந்து வருடத்துக்குப் பிறகு, இந்தக் கருவேலங்காட்டுக்கு நடுவில் கண்ணை மூடியிருக்கிறார். எங்கள் பள்ளியில் பூகோளப் பாடத்தில் படித்திருக்கிறேன். பிரெத்தாஞ் கடல் சூழ்ந்த பகுதி, மழைக்குக் குறைவில்லாத பகுதி. மழையிலிருந்து புறப்பட்டு, மழைக்காக வானத்தைப் பார்க்கிற சீமைக்கு வந்தவர். நான் எதை இழந்தேன் என்று ஐம்பது வருடமாக அழுதேனோ, அதை அவர் தானாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

பக்கத்தில் ஒரு கிராமத்துப் பாட்டி தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "சாமி கண்மாய், ஊருணி வெட்ட வச்சாக. தண்ணியோட அருமை தெரிஞ்ச சாமி" என்றார். நான் யார், என்ன என்று கேட்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்துவிட்டார்.

தண்ணீரின் அருமை என்றதும் எனக்கு வேறொரு கிழவர் ஞாபகம் வந்தார். அறுபது வருடமாக நினைத்துப் பார்க்காதவர்.

எங்கள் பள்ளியில் "திக்தே" எடுக்க ஒரு வயதான பிரெஞ்சுப் பாதிரியார் வருவார். திக்தே என்றால் சொல்வதெழுதுதல். எழுபதுக்கு மேல் வயது. நாங்கள் அவரை "மொன் பேர்" என்போம், என் தந்தையே என்று அர்த்தம். ஊர்க்காரர்கள் பெரிய சாமியார் என்பார்கள். வெள்ளை அங்கி, கை நடுக்கம், கழுத்தெல்லாம் வேர்க்குரு. பாரீஸில் 1658-இல் ஏற்பட்ட வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையார் 1776 முதல் புதுச்சேரியில் வேலை செய்தவர்கள். பழைய காலத்தில் அந்தச் சபையிலிருந்து கீழ்த்திசைக்குப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு வழியனுப்பு உண்டு. புறப்படுகிறவர்கள் வரிசையாக நிற்பார்கள், உற்றார் உறவினர் வந்து அவர்கள் பாதத்தை முத்தமிடுவார்கள். திரும்பி வருகிற ஏற்பாடு கிடையாது. போனால் போனதுதான். இதை அவரே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார், ஒரு சோகமும் இல்லாமல், நேற்று சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல.

சனிக்கிழமை திக்தே முடிந்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதச் சொல்வார். இன்றைக்கு எதற்கு நன்றி? நிபந்தனை மூன்று. ஒன்று, அன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும். இரண்டு, கண்ணால் பார்த்ததோ கையால் தொட்டதோ ஆக இருக்க வேண்டும். மூன்று, கடவுள், தாய், தந்தை, தேசம் என்று பெரிய சொல் எதுவும் கூடாது. ஒரு பாதிரியார் கடவுள் என்று எழுதக் கூடாது என்றது எங்களுக்குப் பெரிய வேடிக்கை.

முதலில் தன்னுடைய மூன்று வரியை வாசிப்பார். கிணற்று வாளிக் கயிறு இன்றும் அறுந்து போகவில்லை. இரண்டு மணிக்குக் கடல் காற்று வந்தது. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் சொன்னார். இப்படித்தான் இருக்கும். பாலாடைக்கட்டியும் திராட்சையும் விளைகிற தேசத்திலிருந்து வந்தவர் கிணற்றுக் கயிற்றுக்கு நன்றி சொல்கிறாரே என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். வீட்டு ஞாபகம் வராதா என்று ஒருவன் கேட்டான். "வரும், வந்தால் உட்காரச் சொல்வேன், கொஞ்ச நேரத்தில் போய்விடும்" என்றார். அப்போது புரியவில்லை.

எழுதிய நோட்டுகளை வாங்கிப் பார்ப்பார். திருத்த மாட்டார். கீழே சின்னதாக "வ்யூ" என்று எழுதிக் கையெழுத்திடுவார். வ்யூ என்றால் "பார்த்தேன்". அவ்வளவுதான்.

1963 பிப்ரவரியில் ஆறு மாதக் கெடு முடிந்தது. வகுப்பில் யார் யார் பிரெஞ்சு, யார் யார் இந்தியர் என்று பையன்கள் பிரித்துப் பேசிக்கொண்டிருந்த வாரம் அது. அந்தச் சனிக்கிழமை நான் மூன்று வரிக்குப் பதில் ஒரே சொல் எழுதினேன். "ரியேன்." ஒன்றுமில்லை. அடி விழும் என்று நினைத்தேன். மொன் பேர் நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னையும் பார்த்தார். வழக்கம்போல் "வ்யூ" என்று எழுதி, கை நடுங்கக் கையெழுத்திட்டு, நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

பிற்காலத்தில் நாற்பது வருடம் நானே எத்தனையோ கோப்புகளில் "பார்த்தேன்" என்று சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். பாதியைப் படிக்காமலே இட்டிருக்கிறேன். அவர் படித்துவிட்டு இட்டார். இந்த வித்தியாசம் எனக்குச் சருகணியில்தான் விளங்கியது. அவர் என்னை நன்றியோடு இரு என்று கட்டாயப்படுத்தவில்லை. என் ஒன்றுமில்லையையும் பார்த்தேன் என்றுதான் எழுதினார். மற்ற நாளில் கயிற்றைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், தபால்காரரைப் பார்த்தார். அவருடைய நன்றி என்பது இந்தப் பார்ப்பதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பார்க்காத பொருளுக்கு எப்படி நன்றி சொல்வது?

இது பாதிரிமார்களுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நினைக்க வேண்டாம். நான் குடியிருக்கும் இந்தச் சீமையிலேயே இருந்தது. செட்டிநாட்டிலிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுப் போனார்கள். கிட்டங்கியில் பெட்டியடியிலேயே வேலை, அங்கேயே படுக்கை. வருடக் கணக்கில் அப்படி. அவர்கள் வியாபாரத்தில் சாமிக்கு என்று மகமை ஒதுக்கிக் கணக்கில் ஏற்றுவார்கள். போன இடமெல்லாம் முருகனுக்குக் கோயில் கட்டினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859-இல் அவர்கள் எழுப்பியது. நன்றியை மனதில் மட்டும் வைத்தால் மறந்துபோகும், ஏட்டில் ஏற்றிவிட வேண்டும் என்பது அந்த வழக்கத்தின் பொருள். என் மனைவி கேட்ட துண்டுச் சீட்டும் அதுதான்.

அன்று இரவு காரைக்குடியில் காரை நிறுத்தச் சொல்லி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. அறுபது வருடம் விட்டுப்போன பழக்கம். வெகுநேரம் கழித்து ஒரு வரி வந்தது. "கோயில் வாசலில் தொலைந்த என் செருப்பை டீச்சர் தேடி எடுத்து வந்தார்." மறுநாள் இரண்டு வரி. நான்காம் நாள்தான் மூன்று.

பிறகு வந்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன், பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். பால்காரத் தம்பி வர முடியாததை முதல் நாளே போன் செய்து சொன்னார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பஸ் போர்டைத் தூரத்திலேயே படித்தேன். பென்ஷன் சொன்ன தேதியில் வந்தது. எதிர்வீட்டு ஆச்சி ஒரு தூக்கில் கும்மாயம் கொடுத்தனுப்பினார்கள். மின்சாரம் போன ராத்திரி பனையோலை விசிறி கைக்குக் கிடைத்தது.

இந்த விசிறியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருட்டில் தடவும்போது அதன் ஓரத்தில் துணி வைத்துத் தைத்திருந்தது விரலில் பட்டது. என் பழைய சட்டைத் துணி. ஓலை கையைக் கீறாமல் இருக்க அவள் எப்போதோ தைத்தது. பத்து வருடம் அதே விசிறியால் விசிறிக்கொண்டிருந்தேன், அந்தத் தையலை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வெளிச்சம் இருந்தபோதெல்லாம் பார்க்காமல், இருட்டில் பார்த்தேன். அன்றைக்கு மூன்று வரிக்கும் அது ஒன்றே எழுதினேன்.

எல்லா நாளும் இப்படி வாய்ப்பதில்லை. அவளுடைய திதி அன்று காலையில் காரியமெல்லாம் முடித்து, வந்தவர்களை அனுப்பிவிட்டு, இரவு நோட்டைத் திறந்தேன். "ரியேன்" என்றுதான் எழுத வந்தது. எழுதினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே நானே "வ்யூ" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் கையும் இப்போது நடுங்குகிறது. கையெழுத்து மொன் பேருடையதைப் போலவே விழுந்தது.

சித்தப்பா மகன், என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன், பாரீஸுக்கு வெளியே அடுக்குமாடி ஒன்றில் ஏழாவது மாடியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். ஒருநாள் இந்த நோட்டு விஷயத்தைச் சொல்லி, "உங்க மூணு வரியைச் சொல்லுங்க அண்ணே" என்றேன். சிரித்தார். "எனக்கு என்னடா இருக்கு, முட்டி வலிதான் இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "லிஃப்ட் இன்னிக்கு வேலை செய்யுது" என்றார்.

"அது போதும் அண்ணே, எழுதிக்குங்க" என்றேன்.

அதற்கப்புறம் அவர் சொன்ன விஷயம் எனக்கு இத்தனை வருடம் தெரியாது. சித்தி இறந்தபோது அவருக்கு லீவு கிடைத்து விமானம் ஏறி வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. "உங்க அப்பா மாதிரி எங்க அப்பாவும் அன்னிக்கு வாசலோட திரும்பியிருந்தா, நான் அம்மா முகத்தைப் பார்த்திருப்பேன்டா" என்றார். நான் பொறாமைப்பட்ட அந்தக் கையெழுத்தின் மேல் அவருக்கும் ஒரு பேரேடு இருந்திருக்கிறது. இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கணக்கை எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இப்போது ஞாயிறுதோறும் அவருடைய மூன்று, என்னுடைய மூன்று. யூரோ விலை என்ன என்று நான் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது. குறை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. வரும். வந்தால் உட்காரச் சொல்கிறேன். கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு படுக்கப் போகுமுன் மூன்று வரி எழுதிப் பாருங்கள். பெரிய சொல் வேண்டாம். இன்றைக்கு நடந்தது, கண்ணில் பட்டது, கையில் பட்டது. வரவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுதுங்கள். அதுவும் கணக்கில் சேரும்.

என்னுடைய இன்றைய மூன்று:

மோட்டார் பழுதாகி இருந்தது, டீச்சர் வீட்டிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் வந்தது.

வாசலில் வேப்பிலை குறைவாகத்தான் விழுந்திருந்தது, பெருக்க முதுகு வலிக்கவில்லை.

இதை எழுதி முடிக்கும்வரை மின்சாரம் போகவில்லை.